புரோகிராமில் இல்லாத ஃபைல்

மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கம்ப்யூட்டர்களில் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு, கோபால் (COBOL) என்ற புரோகிராம் மொழியைச் சொல்லிக்கொடுக்க நான் உட்கார்ந்தால், எந்த பேட்ச்சாக இருந்தாலும் ஒரு கேள்வி தவறாமல் வரும். கையில் கொடுத்த புரோகிராமை மேலிருந்து கீழ்வரை தேடிப் பார்த்துவிட்டு, "சார், இது எந்த ஃபைலைப் படிக்குதுன்னு எங்கயுமே போடலையே?" என்பார்கள். ஜாவா, பைத்தான் என்று பழகிய கண்கள். ஃபைலைத் திறக்கும் வரியிலேயே, மேற்கோள் குறிக்குள், முழுப் பாதையும் இருக்கும் என்று எதிர்பார்க்கின்றன. கோபாலில் 'ஓப்பன் இன்புட்' என்பதை அடுத்து 'கஸ்டமர்-ஃபைல்' என்ற மாதிரி ஒரு பெயர் மட்டும் இருக்கும். அந்தப் பெயரில் டிஸ்க்கில் எதுவும் கிடையாது.

போடவில்லைதான். போடவும் கூடாது. தனக்கு எந்த மாதிரி ஃபைல் வேண்டும் என்பதோடு கோபால் புரோகிராம் நிறுத்திக்கொள்ளும். இன்றைக்கு அது எந்த ஃபைல் என்பதை இன்னொருவர், இன்னொரு இடத்தில், ஓட்டும் நேரத்தில் சொல்வார். அறுபது வருடத்துக்கு மேல் இந்த ஏற்பாடு தாக்குப்பிடித்திருக்கிறது. நடுராத்திரியில் சப்போர்ட் ஆளை எழுப்பும் ஃபோன்களில் கணிசமானவை வருவதும் இதே ஏற்பாட்டினால்தான்.

ஐபிஎம் மெயின்ஃப்ரேமை வைத்தே பேசுகிறேன். எனக்குப் பழக்கமான இடம் அது. புரோகிராமில் என்விரான்மென்ட் டிவிஷன், அதற்குள் இன்புட்-அவுட்புட் செக்‌ஷன், அதற்குள் ஃபைல்-கன்ட்ரோல். அங்கே இப்படி ஒரு வரி:

செலக்ட் கஸ்டமர்-ஃபைல் அசைன் டூ கஸ்டின்.

அதே புரோகிராமை ஓட்டும் ஜேசிஎல்லில் (எந்தப் புரோகிராமை, எந்த ஃபைல்களோடு ஓட்ட வேண்டும் என்று சிஸ்டத்துக்குச் சொல்லும் கட்டளை வரிகள்) இப்படி ஒரு வரி:

//கஸ்டின் டிடி டிஎஸ்என்=புரொட்.கஸ்டமர்.மாஸ்டர்,டிஸ்ப்=எஸ்ஹெச்ஆர்

ஆக, ஒரு ஃபைலுக்கு மூன்று பெயர். 'கஸ்டமர்-ஃபைல்' புரோகிராமுக்குள் மட்டும் செல்லும். ஓப்பன், ரீட், குளோஸ் எல்லாம் இந்தப் பெயரைத்தான் சொல்லும். (ரைட் மட்டும் ரெக்கார்டின் பெயரைச் சொல்லும். 'ஃபைலைப் படி, ரெக்கார்டை எழுது' என்று எங்கள் காலத்தில் மந்திரம்போல ஒப்பிக்க வைப்பார்கள்.) 'கஸ்டின்' என்பது டிடி பெயர் (டிடி என்றால் 'டேட்டா டெஃபினிஷன்', ஜேசிஎல்லில் ஒரு ஃபைலைக் காட்டும் வரி), புரோகிராமும் ஜேசிஎல்லும் கைகுலுக்கும் இடம். மூன்றாவதுதான் டேட்டாசெட்டின், அதாவது டிஸ்க்கில் இருக்கும் ஃபைலின், உண்மைப் பெயர். அதோடும் முடியவில்லை. அந்த மூன்றாவது பெயரை வைத்து எந்த டிஸ்க் வால்யூம் என்று கேட்டலாக் சொல்லும். வால்யூமின் எந்தப் பகுதியில் என்று அந்த வால்யூமில் உள்ள விடாக் என்ற பொருளடக்கப் பட்டியல் சொல்லும். புரோகிராம் இந்தச் சங்கிலியின் முதல் இரண்டு கண்ணிகளோடு நின்றுவிடும்.

கோயிலில் அர்ச்சனை செய்கிற குருக்களை நினைத்துக்கொள்ளுங்கள். மந்திரம் மாறாது. பெயர், நட்சத்திரம், கோத்திரம் வரவேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கும். தட்டோடு வந்து நிற்பவர் சொல்வதை அங்கே சேர்த்துக்கொள்வார். கோபால் புரோகிராமில் அந்தக் காலி இடம்தான் 'கஸ்டின்'. தட்டோடு வருவது ஜேசிஎல்.

இப்படி ஏன் வைத்தார்கள் என்பதற்குக் கோபாலின் பிறப்பையே பார்க்க வேண்டும். 1959 மே மாதக் கடைசியில் பென்டகனில் ஒரு கூட்டம். அன்றைக்கு ஒவ்வொரு கம்பெனியின் கம்ப்யூட்டருக்கும் புரோகிராமைப் புதிதாக எழுதவேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வணிக மொழி வேண்டும் என்பதற்காகக் கூடினார்கள். அடுத்த வருடம் டிசம்பரில், ஏறக்குறைய ஒரே புரோகிராமை ஆர்சிஏ 501, யூனிவாக் 2 என்ற இரண்டு வேறு வேறு இயந்திரங்களில் ஓட்டிக் காட்டினார்கள். 'ஏறக்குறைய' என்ற அந்தச் சொல்லுக்குள் இருப்பதுதான் என்விரான்மென்ட் டிவிஷன். இயந்திரத்துக்கு இயந்திரம் மாறக்கூடிய சமாச்சாரங்களை எல்லாம் ஒரே இடத்தில் ஒதுக்கி வைத்தால், மாற்றும்போது அந்தப் பக்கத்தை மட்டும் தொட்டால் போதும். கணக்குப் போடும் பகுதிக்கு டேப்பா டிஸ்க்கா என்ற கவலையே வேண்டாம்.

ஆனால் அந்த ஒதுக்கல் ஆரம்பத்தில் அரைகுறையாகத்தான் இருந்தது. பழைய புரோகிராம்களைத் திறந்தால் அதன் தழும்புகள் இன்னும் தெரியும். 'அசைன் டூ யுடி-எஸ்-கஸ்டின்' என்று எழுதியிருப்பார்கள். 'யுடி' என்றால் டேப், டிஸ்க் வகைச் சாதனம்; 'எஸ்' என்றால் வரிசையாகப் படிக்கும் ஃபைல். அதற்கும் முந்தியவற்றில் 'யுஆர்-2540ஆர்-எஸ்-கார்டின்' என்று இருக்கும். 2540 என்பது கார்டு படிக்கும் இயந்திரத்தின் மாடல் நம்பர்! 1403 என்று கண்டால் அது லைன் பிரின்ட்டர். அந்த இயந்திரங்கள் காயலான் கடைக்குப் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. இன்றைய கம்பைலர் அந்த முன்னொட்டுகளைக் கண்டுகொள்வதில்லை; கடைசித் துண்டை மட்டும் டிடி பெயராக எடுத்துக்கொள்ளும். ஒரு விதிவிலக்கு உண்டு: 'ஏஎஸ்-' என்று இருந்தால் அது வீசாமின் (சாவியை வைத்தும் ரெக்கார்டைத் தேட உதவும் ஐபிஎம்மின் ஃபைல் முறை) வரிசை ஃபைல் என்று அர்த்தம். அதை அழகுபடுத்துகிறேன் என்று நீக்கிவிடாதீர்கள்.

1964-ல் அறிவித்த சிஸ்டம்/360-ஓடு வந்த ஓஎஸ்/360-தான் இந்த இணைப்பை முழுக்க வெளியே தள்ளியது. ஜேசிஎல்லைத் திட்டாத மெயின்ஃப்ரேம் ஆள் கிடையாது. ஒரு கமா தவறினால் ஜாப் போச்சு, தொடரும் வரியைச் சரியான நெடுவரிசையில் ஆரம்பிக்காவிட்டால் போச்சு. நானும் நிறையத் திட்டியிருக்கிறேன். ஆனாலும் டிடி என்ற யோசனையை மட்டும் குறை சொல்ல வாய் வராது. ஃபோர்ட்ரான்காரர்கள் அதே இயந்திரத்தில் யூனிட் 6 என்று எழுதிவிட்டு ஜேசிஎல்லில் 'எஃப்டி06எஃப்001' என்று கொடுக்க வேண்டியிருந்தது. நமக்காவது படிக்கத் தெரிகிற பெயர்.

அந்தப் பெயருக்கும் கட்டுப்பாடு உண்டு. டிடி பெயர் 8 எழுத்தைத் தாண்டக் கூடாது, நடுவே கோடு வரக் கூடாது. கோபாலின் உள்பெயரோ 30 எழுத்துவரை போகலாம், கோடு போட்டுத்தான் எல்லோரும் எழுதுவார்கள். அதனால்தான் உள்ளே 'டெய்லி-பிரீமியம்-டிரான்சாக்‌ஷன்-ஃபைல்' என்று நீட்டி முழக்கியது, வாசலுக்கு வரும்போது 'பிரிமின்' என்று சுருங்கிவிடுகிறது.

இணைப்பு வெளியே இருப்பதால் கிடைக்கும் சௌகரியங்களை அனுபவித்தால்தான் தெரியும். கம்பைல் செய்த அதே லோடு மாட்யூல் டெஸ்ட்டிலும் ஓடும், புரொடக்‌ஷனிலும் ஓடும். மாறுவது டிடி வரி மட்டும். பன்னிரண்டு மாத ஃபைல்களைச் சேர்த்து வருடாந்திர ரிப்போர்ட் வேண்டுமா? ஒரே டிடி பெயரின் கீழ் பன்னிரண்டு டேட்டாசெட்டையும் வரிசையாக எழுதினால் போதும்; புரோகிராமுக்கு அது ஒரே நீளமான ஃபைலாகத் தெரியும். நான்கு ரெக்கார்டை வைத்து ஒரு சின்ன சோதனை வேண்டுமா? டிடி வரியில் நட்சத்திரக் குறி போட்டு அடுத்த வரிகளிலேயே டேட்டாவைத் தட்டிவிடலாம். ரிப்போர்ட்டை ஃபைலாக வைக்காமல் ஸ்பூலுக்கு (அச்சுக்குக் காத்திருக்கும் வரிசைக்கு) அனுப்ப வேண்டுமா? சிஸவுட் என்று மாற்றினால் ஆயிற்று. இதில் எதற்குமே புரோகிராமைத் தொட வேண்டியதில்லை.

அப்புறம் 'டம்மி'. டிடி வரியில் டம்மி என்று எழுதிவிட்டால், படிக்கப் போகிற புரோகிராமுக்கு முதல் ரீடிலேயே 'ஃபைல் முடிந்தது' என்று பதில் வரும். எழுதுகிற புரோகிராம் எழுதியது காற்றோடு போகும். சோதனைக்கு அருமையான கருவி. ஆனால் அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்குச் சென்னையிலிருந்து சப்போர்ட் பார்த்த நாட்களில், இதன் மறுபக்கத்தையும் பார்த்தேன். ஒரு திருத்த ஃபைலைப் படிக்கும் ஸ்டெப் (ஜாப்பில் ஒரு புரோகிராமை ஓட்டும் பகுதி). சோதனைக்காக அந்த டிடியை யாரோ டம்மி ஆக்கியிருக்கிறார்கள், அந்த ஜேசிஎல் அப்படியே புரொடக்‌ஷனுக்கு ஏறிவிட்டது. ஒவ்வொரு ராத்திரியும் ஜாப் சமர்த்தாக ஓடி, ரிட்டர்ன் கோடு பூஜ்யத்தோடு, அதாவது கோளாறு எதுவும் இல்லை என்று, முடிந்தது. ரிப்போர்ட்டில் தலைப்பு மட்டும் அச்சாகிக்கொண்டிருந்தது. இன்றைக்குத் திருத்தம் எதுவும் இல்லை போலிருக்கிறது என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். மாதக் கடைசியில் கணக்கு ஒத்துவராமல் போனபோதுதான் தோண்டினார்கள்.

புரோகிராமில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது, கொடுத்ததைப் படித்தது. அதன்பிறகு அந்தக் குழுவில் ஒரு வழக்கம் வந்தது: படித்த ரெக்கார்டு எண்ணிக்கை பூஜ்யம் என்றால் ரிட்டர்ன் கோடை எச்சரிக்கைக்கான 4 ஆக்கிவிட வேண்டும். எனக்குப் பிடித்த வழக்கம் அது. டம்மி என்று எழுதாமல் 'டிஎஸ்என்=நல்ஃபைல்' என்று எழுதினாலும் விளைவு ஒன்றுதான். ஆகவே ஜேசிஎல் லைப்ரரியில் தேடும்போது இரண்டையும் சேர்த்துத் தேட வேண்டும்.

எங்கே என்ன அறுந்தது என்று கண்டுபிடிப்பதில் புதியவர்கள் தடுமாறுவது இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்வதால். டிடி வரி இருக்கிறது, ஆனால் அது காட்டும் டேட்டாசெட் இல்லை என்றால், புரோகிராம் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. 'டேட்டா செட் நாட் ஃபவுண்ட்' என்று ஐஇஎஃப்212ஐ செய்தி வந்து ஜேசிஎல் எரராக நின்றுவிடும். டிடி வரியே இல்லை என்றால் கதை வேறு. புரோகிராம் ஆரம்பிக்கும், ஓப்பன் வரை போகும், அங்கே போய் முட்டும். ஐஇசி130ஐ என்ற எண்ணோடு 'டிடி ஸ்டேட்மென்ட் மிஸ்ஸிங்' என்று செய்தி வரும். ஃபைல் ஸ்டேட்டஸ் (ஃபைலைத் தொட்ட ஒவ்வொரு முறையும் என்ன ஆயிற்று என்று புரோகிராமுக்குக் கிடைக்கும் இரண்டு இலக்க எண்) 35 என்று சொல்லும். முதலாவது, பெயருக்குப் பின்னால் பொருள் இல்லை. இரண்டாவது, பெயரே இல்லை.

இரண்டாவது எப்படி நடக்கும்? பெரும்பாலும் எழுத்துப்பிழையால். புரோகிராமில் 'கஸ்டின்', ஜேசிஎல்லில் 'கஸ்டின்1'. யாரும் கேட்காத டிடி வரி ஒன்று கூடுதலாக இருந்தால் சிஸ்டம் கோபித்துக்கொள்ளாது. அந்த டேட்டாசெட்டை ஒதுக்கிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். ஜேசிஎல்லைப் பார்க்கிறவர் 'ஃபைல் இருக்கிறதே' என்பார், புரோகிராமைப் பார்க்கிறவர் 'அசைன் சரியாக இருக்கிறதே' என்பார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்வரை விடியாது.

செலக்ட்டில் ஃபைல் ஸ்டேட்டஸ் எழுதாமல் விட்டிருந்தால் இந்த 35-ஐப் பார்க்கும் வாய்ப்புக்கூடப் புரோகிராமுக்குக் கிடைக்காது. யு4038 என்று அபெண்ட் ஆகிவிடும், அதாவது பாதியிலேயே முறிந்துவிடும். ஸ்டேட்டஸ் எழுதிவிட்டு அதைச் சோதிக்காமல் விடுவது அதைவிட மோசம். அபெண்ட் ஆவதாவது கண்ணுக்குத் தெரியும். சோதிக்காத ஸ்டேட்டஸோடு புரோகிராம் திறக்காத ஃபைலைப் படித்துக்கொண்டு, ஃபைல் முடிவு வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். 'செலக்ட் ஆப்ஷனல்' என்று எழுதினால், ஃபைல் இல்லாவிட்டாலும் 05 என்ற ஸ்டேட்டஸோடு ஓப்பன் வெற்றி என்று ஆகிவிடும். உண்மையிலேயே சில நாட்கள் வராத ஃபைலுக்கு அது சரி. 35-இலிருந்து தப்பிக்க ஆப்ஷனல் போடுகிறவர்களின் கோடு என் ரிவ்யூவில் தாண்டாது.

பெயர் பொருந்தினால் மட்டும் போதுமா? வடிவமும் பொருந்த வேண்டும். டேட்டா டிவிஷனில் அதே ஃபைலுக்கு ஒரு எஃப்டி (ஃபைல் டிஸ்க்ரிப்ஷன்) இருக்கும். ரெக்கார்டு எத்தனை பைட், நிலையான நீளமா என்றெல்லாம் அது சொல்லும். டேட்டாசெட்டின் லேபிளிலும் அதே விவரங்கள் இருக்கும். நீளம் ஒத்துப்போகாவிட்டால் ஃபைல் ஸ்டேட்டஸ் 39. விவரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது: முதலில் புரோகிராம் சொன்னது, அது சொல்லாமல் விட்டதற்கு டிடி வரி, அதுவும் விட்டதற்கு லேபிள். அதாவது, புரோகிராம் வாயைத் திறந்துவிட்டால் ஜேசிஎல் சொல்வது எடுபடாது.

இதில் நிறையப் பேருக்குத் தெரியாமல் பணத்தைத் தின்கிற இடம் ஒன்று உண்டு: 'பிளாக் கன்டெய்ன்ஸ் 0 ரெக்கார்ட்ஸ்'. பிளாக் என்பது டிஸ்க்கில் ஒரே மூச்சில் எழுதும் ரெக்கார்டுகளின் கட்டு. பூஜ்யம் என்றால், பிளாக் அளவை நான் சொல்லவில்லை, வெளியே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று பொருள். அதை எழுத மறந்தால் 'ஒரு பிளாக்குக்கு ஒரு ரெக்கார்டு' என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும். (பிளாக்0 என்ற கம்பைலர் ஆப்ஷன் பிற்பாடு வந்தது, ஆனால் அதை யாராவது போட்டிருக்க வேண்டுமே.) 3390 டிஸ்க்கில் அரை டிராக்கில் 27,998 பைட் கொண்ட பிளாக் அடங்கும். 80 பைட் ரெக்கார்டு என்றால் ஒரு பிளாக்கில் 349. அந்த ஒரு வாக்கியம் விட்டுப்போனால் 349 ரெக்கார்டு ஒரே மூச்சில் போவதற்குப் பதில் ஒவ்வொன்றாகப் போகும். ஜேசிஎல்லில் பிளாக் அளவு எழுதிப் பார்த்தும் மாறவில்லையே என்று மண்டையைப் பிய்த்துக்கொள்பவரைக் கண்டால், எஃப்டியைக் காட்டச் சொல்லுங்கள்.

வீசாம் ஃபைலில் இன்னொரு வேடிக்கை. வாடிக்கையாளர் எண் முதன்மைச் சாவி, ஃபோன் நம்பர் மாற்றுச் சாவி என்று செலக்ட்டில் எழுதினால், ஜேசிஎல்லில் ஒரு டிடி போதாது. 'கஸ்டின்' என்பதோடு 'கஸ்டின்1' என்றும் ஒரு டிடி வேண்டும். மாற்றுச் சாவி இரண்டு இருந்தால் 'கஸ்டின்2'-ம் வேண்டும். எந்தச் சாவிக்கு எந்த எண் என்பது செலக்ட்டில் எழுதிய வரிசையைப் பொறுத்தது. அசல் பெயரே 8 எழுத்து இருந்தால் கடைசி எழுத்து வெட்டுப்பட்டு அந்த இடத்தில் எண் உட்காரும். இந்த 'கஸ்டின்1' என்ற பெயர் புரோகிராமில் எங்கும் எழுதப்பட்டிருக்காது. 'தேவையில்லாத டிடி' என்று ஜேசிஎல்லைச் சுத்தம் செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் கைவைப்பது இதில்தான்.

ஒரே பெயரில் ஓட்டத்துக்கு ஓட்டம் புதுப் பதிப்பாகச் சேரும் ஜெனரேஷன் டேட்டாசெட்டுகளிலும் பெயர் ஏமாற்றும். டிடி வரியில் (0) என்றால் இருப்பதில் புதியது, (+1) என்றால் இப்போது உருவாக்கப் போவது. முதல் ஸ்டெப் (+1)-ஐ எழுதிவிட்டது. அடுத்த ஸ்டெப் அதைப் படிக்க வேண்டும் என்றால் (0) என்று போடத் தோன்றும். போட்டால் நேற்றைய ஃபைலைப் படிக்கும். அந்த ஜாப் முடியும்வரை அது (+1)தான்.

மெயின்ஃப்ரேமிலேயே ஆன்லைன் பக்கம் போனால் செலக்ட்டும் கிடையாது, ஓப்பனும் கிடையாது. சிஐசிஎஸ் என்ற ஆன்லைன் மென்பொருளில் ஓடும் புரோகிராம் 8 எழுத்தில் ஒரு ஃபைல் பெயரைச் சொல்லிப் படிக்கச் சொல்லும். அந்தப் பெயர் எந்த டேட்டாசெட் என்பது சிஐசிஎஸ்ஸின் வரையறையில் இருக்கும். ராத்திரி ஜாப்கள் ஓடுவதற்கு முன்னால் ஆன்லைனில் அந்த ஃபைலை மூடச் சொல்லும் சடங்கு பல இடங்களில் இன்றும் நடக்கிறது. 'ஐபிஎம் ஐ' (IBM i) என்ற இன்னொரு ஐபிஎம் சிஸ்டத்தில் ஜேசிஎல்லே இல்லை. 'ஓவிஆர்டிபிஎஃப்' என்ற கட்டளை, இந்தப் பெயரைக் கேட்டால் அந்த ஃபைலைக் கொடு என்று திசைதிருப்பும்.

வீட்டில் பழக நினைப்பவர்களுக்கு குனுகோபால் இருக்கிறது, இலவசம். 'அசைன் டூ' என்பதற்குப் பின் மேற்கோள் குறிக்குள் 'கஸ்டின்' என்று எழுதினால், ஓடும்போது அது 'டிடி_கஸ்டின்' என்ற என்விரான்மென்ட் வேரியபிளைத் தேடும். பிறகு அதே முன்னொட்டைச் சின்ன எழுத்தில் வைத்து, பிறகு வெறும் 'கஸ்டின்' என்று. இந்த மூன்றில் ஒன்று இருந்தால் அதிலுள்ள பாதைதான் ஃபைல். ஜேசிஎல்லின் டிடி வரி லினக்ஸில் எக்ஸ்போர்ட் வரியாக மறுபிறவி எடுத்திருக்கிறது. ஒரே எச்சரிக்கை: மூன்றும் இல்லாவிட்டால் 'கஸ்டின்' என்பதையே ஃபைல் பெயராக எடுத்துக்கொள்ளும். அவுட்புட் ஃபைல் என்றால் நிற்கிற டைரக்டரியிலேயே அந்தப் பெயரில் ஒன்றை உருவாக்கிவிட்டு, எல்லாம் நலம் என்று முடிந்துவிடும். மெயின்ஃப்ரேமில் வழக்கமான அமைப்பில் டிடி இல்லாவிட்டால் திட்டு விழும், இங்கே விழாது.

மெயின்ஃப்ரேமிலும் இப்போது டிடி வரி இல்லாமலே காரியம் செய்யலாம். டிடி இல்லாவிட்டால் அதே பெயரில் ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் இருக்கிறதா என்று ஐபிஎம் கோபால் பார்க்கும். புரோகிராமே ஓப்பனுக்கு முன்னால் அதில் டேட்டாசெட் பெயரை வைத்துவிடலாம். தேதியை ஒட்டிப் பெயர் அமைப்பது போன்ற வேலைகளுக்கு வசதிதான். ஆனாலும் யாராவது இதைச் செய்துகொண்டு வந்தால் நான் இரண்டு முறை கேள்வி கேட்பேன். காரணம், நாங்கள் தினமும் நம்பியிருக்கும் ஒரு தேடல். கஸ்டமர் மாஸ்டரின் ரெக்கார்டு நீளத்தைக் கூட்டப் போகிறோம், எந்தெந்தப் புரோகிராம் அதைத் தொடுகிறது? ஜேசிஎல் லைப்ரரியில் டேட்டாசெட் பெயரைப் போட்டுத் தேடினால் டிடி வரிகள் வரும். டிடி வரி எந்த ஸ்டெப்பில் இருக்கிறது என்று பார்த்தால் புரோகிராம் பெயர் வரும். புரோகிராமில் அந்த டிடி பெயரைத் தேடினால் செலக்ட் வரும், அங்கிருந்து எஃப்டி. சங்கிலியைத் தலைகீழாகப் பிடித்து ஏறுவது.

துண்டு துண்டாக ஸ்ட்ரிங் செய்து புரோகிராமுக்குள் உருவாகும் பெயர் இந்தத் தேடலில் சிக்காது. அப்படி ஒன்று இருக்கிறது என்று சந்தேகம் வந்துவிட்டால், எழுதிவைத்த எதையும் நம்ப முடியாது. எஸ்எம்எஃப் பதிவுகளில் (என்ன ஓடியது, எதைத் தொட்டது என்று சிஸ்டமே எழுதிவைக்கும் குறிப்புகள்) 14, 15 வகைகளை எடுத்து, உண்மையில் எந்த ஜாப் எந்த டேட்டாசெட்டைப் படிக்கத் திறந்தது, எழுதத் திறந்தது என்று ஆபரேட்டிங் சிஸ்டத்திடமே கேட்க வேண்டும். வீசாம் என்றால் 62, 64. அதையும் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். மார்ச் 31 அன்று மட்டும் ஓடுகிற ஜாப்கள் இருக்கின்றன.